மூன்றாம் பக்கத்தில் போட்ட டிக்

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் அலுவலகத்தில், நான் உட்கார்ந்திருந்த க்ளெய்ம் பிரிவில் இப்போது அவள் இருக்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து பதினோரு பேர் கராத்தே பயிற்சிக்கு மலேசியா போகிறார்களாம். பயண இன்சூரன்ஸும் எடுத்துவிட்டார்களாம். யாரிடமும் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லாம் போனிலேயே, ஆப்பில் முடிந்துவிட்டது. ஆபத்தான விளையாட்டு எதிலாவது ஈடுபடுவீர்களா என்று ஓரிடத்தில் வருமாம். அதற்கு எதிரே ‘இல்லை’ என்பது முன்னாலேயே டிக் ஆகி இருக்குமாம். நாமாகப் போய் மாற்றினால்தான் உண்டு. “யாருங்க மேடம் அதையெல்லாம் மாத்தறாங்க” என்றாள்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அது தப்பு. இரண்டாவது, அந்தத் தப்பை ஆப் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பேனாவும் காகிதமும் இருந்த காலத்திலேயே எங்கள் கிளையில் அதைத் தொடங்கிவைத்தது நான்தான். நிவேதாவுக்கு இது தெரியாது. பழைய கேஸ் ஏதாவது இருந்தால் எழுதித் தாருங்கள், புதிதாக வந்திருக்கிற பசங்களுக்குக் காட்டுகிறேன் என்று வெகுளியாகக் கேட்டாள். சரி, எழுதித் தருகிறேன் என்றேன். பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

நான் காரமடைக்காரி. பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, உதவியாளராகச் சேர்ந்தேன். சென்னையில் மூன்று மாதப் பயிற்சி. எந்த ரெஜிஸ்டர் எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அங்கே பெரிதாக எதையும் கற்றதாக நினைவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவை லாரிகளும் மாடுகளும்தான். கவிழ்ந்த போர்வெல் லாரி, காற்றில் பறந்த கோழிப்பண்ணைக் கூரை, தீப்பிடித்த நூல் குடோன் என்று முப்பத்தாறு வருட வேலையில் பெரும்பகுதி க்ளெய்ம் பிரிவிலேயே போயிற்று. தாட்சண்யம் பார்க்காதவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் முதல் அதிகாரி சென்னியப்பன். பெருந்துறைப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பியூனையும் ‘வாங்க, போங்க’ என்பார். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். திட்டினால் திருப்பி முணுமுணுக்கலாம், மரியாதையை என்ன செய்வது. ஃபைலில் பிடிக்காத இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். அவ்வளவுதான். என்ன தப்பு என்று நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பணம் கிடையாது என்று மறுக்கும் கடிதம் எதுவானாலும், கையெழுத்துக்கு முன் தன் நாற்காலியை விட்டு எழுந்து வருவார். மேஜையைச் சுற்றி வந்து, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்காருவார். செருப்பைக்கூடக் கழற்றி ஓரமாக வைப்பார், எங்கள் ஊர்க் குடியானவர்கள் ஆபீசுக்குள் வரும்போது செய்வதைப் போல. பிறகு, “இப்பப் படிங்க அம்மணி, நாந்தான் அந்த ஊட்டு ஆளு” என்பார். கடிதத்தை அவர் முகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். நடுவில் அந்த வீட்டு ஆள் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்பார். பதில் இல்லையென்றால் கடிதம் போகாது.

எனக்கு முதல் அடி வெள்ளகோவில் மாட்டில் விழுந்தது. மாட்டுக்கு இன்சூரன்ஸ் செய்தால் காதில் எண் பொறித்த வில்லை ஒன்றைக் குத்துவார்கள். மாடு இறந்தால் அந்த வில்லையைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பணம் இல்லை. வெள்ளகோவில்காரர் ஒருவரின் கறவை மாடு இறந்தது. பார்த்த டாக்டர், காதில் வில்லை இல்லை என்று எழுதியிருந்தார். நான் பத்து நிமிடத்தில் மறுப்புக் கடிதம் தயார் செய்துவிட்டேன். சென்னியப்பன் நாற்காலி மாறி உட்கார்ந்து கேட்டார். “வில்லை எங்கேன்னு என்னைய யாராச்சும் கேட்டீங்களாம்மணி?” என்றார்.

மறுநாள் பஸ் ஏறி வெள்ளகோவில் போனேன். போகும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் வைதுகொண்டே போனேன். அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டதும் உள்ளே போய், கடுகு டப்பாவுக்குள்ளிருந்து வில்லையை எடுத்து வந்தார். முள்வேலியில் மாட்டிக் காது கிழிந்தபோது கீழே விழுந்ததாம். காதின் கிழிசலையும் டாக்டர் எழுதித்தான் இருந்தார், நான்தான் படிக்கவில்லை. “எடுத்துப் பத்தரமா வெச்சிருந்தனுங்க. யாருமே கேக்கலீங்களே” என்றார். அந்த மாட்டுக்குப் பணம் கிடைத்தது. கேட்காமல் எழுதக் கூடாது என்று எனக்கு நன்றாகப் புத்தி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வரவில்லை என்பதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

சென்னியப்பன் மாற்றலாகி வெளியூர் போன பிறகு, வெளிநாட்டுப் பயணப் பாலிசி எங்கள் கிளையில் சூடு பிடித்தது. பம்ப் செட் கம்பெனிக்காரர்கள், பனியன் ஏற்றுமதிக்காரர்கள், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற பெற்றோர்கள் என்று தினமும் ஆள் வந்தார்கள். படிவம் நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கம் பேர், ஊர், பாஸ்போர்ட். மூன்றாம் பக்கத்தில்தான் விவகாரம். என்ன நோய் இருக்கிறது, மலையேறுவீர்களா, கடலுக்குள் இறங்குவீர்களா, சண்டைக் கலை எதுவும் பயிற்சி செய்வீர்களா, செய்தால் பயிற்சியா போட்டியா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். அதற்குக் கீழே இன்னும் மோசமானவை.

எங்கள் பக்கம் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் கெடும் என்று ஒரு நினைப்பு. “தூரமுங்களா?” என்று பட்டும் படாமலும் கேட்டு நிறுத்திக்கொள்வோம். அப்படிப்பட்ட ஊரில் விமானம் ஏறப் போகிறவரை உட்காரவைத்து, கை போனால் என்ன, கண் போனால் என்ன என்று கேட்கச் சொன்னால் எப்படி இருக்கும். எங்கள் முகவர் தங்கவேலு, ஜெர்மனிக்கு மெஷின் பார்க்கக் கிளம்பிய ஒரு மில் முதலாளியிடம் மூன்றாம் பக்கத்தை வாசித்திருக்கிறார். இரண்டாவது கேள்வியிலேயே அவர் எழுந்து, நல்ல காரியத்துக்குப் போகிறபோது என்ன பேச்சு இது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாலிசியை வேறு இடத்தில் எடுத்துக்கொண்டார்.

அந்த மாதம் நடந்த முகவர்கள் கூட்டத்தில் தங்கவேலு இதைச் சொல்லிப் புலம்பினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது, அதற்குள் அதிகாரியாகியிருந்த நான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மூன்றாம் பக்கத்தை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம், எல்லாவற்றுக்கும் நீங்களே ‘இல்லை’ என்று டிக் போட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களாக ஏதாவது சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வடையும் காபியும் வந்தன. அதற்குப் பிறகு யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. எங்கள் கிளையின் வேலை சுறுசுறுப்பு என்று மேலிடத்திலிருந்து பாராட்டுகூட வந்தது. அந்தப் பாராட்டை நான் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

வருடங்கள் ஓடின. சென்னியப்பன் கிளை மேலாளராகத் திரும்பி வந்தார். தலை நரைத்திருந்தது, பென்சில் மாறவில்லை. எனக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் பேர் வந்திருந்தது. அப்போதுதான் ஜான்சியின் கேஸ் வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மின்னஞ்சல். வெளிநாட்டில் எங்கள் பாலிசிக்காரர்களுக்கு உதவுகிற நிறுவனம் அனுப்பியிருந்தது. ஜான்சி, வயது இருபத்தேழு, கோவையில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. தாய்லாந்தில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். இடது கண்ணின் விழித்திரை கிழிந்து, பின்சுவரை விட்டு விலக ஆரம்பித்திருக்கிறது. விழித்திரையின் நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாளை காலைக்குள் அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் பார்வை தப்பும், நடுப்பகுதியும் விலகிவிட்டால் முன்புபோலத் திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் எழுதியிருந்தார். செலவை ஏற்கிறோம் என்று நம் உத்தரவாதக் கடிதம் வந்தால்தான் மருத்துவமனை தேதி கொடுக்கும். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். மருத்துவமனை அலுவலகம் மூடுவதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டுமானால் நமக்கு மாலை நான்கு மணிவரைதான் நேரம். காயத்தின் காரணம் என்ற இடத்தில், முகத்தில் உதை என்று இருந்தது.

படிவத்தை எடுத்தேன். பயண நோக்கம், சுற்றுலா. மூன்றாம் பக்கம் முழுக்க ‘இல்லை’. டிக் எல்லாம் நீல மை, கீழே ஜான்சியின் கையெழுத்து கறுப்பு மை. டிக் யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. தங்கவேலு டிக்கின் வாலை எப்போதும் நீளமாக இழுப்பார். அந்த டிக் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஃபைலை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

எங்கள் விதி இதுதான். போட்டிச் சண்டை, பரிசுச் சண்டை என்றால் எந்த நாட்டிலும் பணம் கிடையாது. பயிற்சி என்றால் உண்டு. ஆனால் பயிற்சி செய்யப் போகிறேன் என்று மூன்றாம் பக்கத்தில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதனால் நான் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று விஷயம். மோதியது போட்டியிலா பயிற்சியிலா, பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தாரா, தலைக்கவசம் போட்டிருந்தாளா. மருத்துவமனைக்குப் போன் போட்டு ஜான்சியிடமே கேட்டேன்.

கண்ணைக் கட்டி அசையாமல் படுக்க வைத்திருந்தார்கள். ஆனாலும் குரல் தெளிவாக இருந்தது. எப்படி அடிபட்டது என்றதும் கொஞ்சம் தயங்கினாள்.

“மேடம், அடிபட்டதை நேத்தே தங்கவேலண்ணன்கிட்டச் சொல்லியிருந்தனுங்க. இப்பத்தான் கூப்பிட்டாருங்க. பாத்ரூம்ல வழுக்கி உழுந்தேன்னு சொல்லச் சொன்னாருங்க. நான் பாத்ரூம்ல உழுகலீங்க. பயிற்சியில கையை மேல தூக்க லேட் ஆயிருச்சு, உதை நேரா மூஞ்சில பட்டுருச்சுங்க. கோச் பக்கத்துலதான் இருந்தாரு. தலைக்கவசம் போட்டிருந்தனுங்க.”

பாத்ரூமில் விழுந்ததாகச் சொன்னால் வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை ஒரு க்ளெய்ம் அதிகாரி கேட்கவே கூடாது, நான் கேட்டேன்.

“நான் புள்ளைங்களுக்குக் கராத்தே சொல்லிக் குடுக்கறனுங்க. அடி எங்க பட்டுச்சுன்னு மறைக்கற புள்ளையை நான் அன்னைக்குப் பயிற்சியில இறக்கவே மாட்டேன். நானே மறைச்சா எப்படிங்க?”

போனை வைத்தேன். ஒன்றை மறைக்கப் போவதில்லை. எனக்குள்ளே ஓர் ஓரம் அந்தப் பாத்ரூம் பொய்யை ஆவலோடு எதிர்பார்த்திருந்தது. பொய் சொல்லியிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்திருப்பேன். அவள் கண்ணும் பிழைக்கும், மூன்றாம் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவும் மாட்டார்கள். மருத்துவமனை எழுதியிருந்த ‘உதை’யைக்கூட ஏதாவது சப்பைக்கட்டு கட்டிச் சரி செய்திருப்பேன். அவள் உண்மையைச் சொல்லி என் வழியை அடைத்துவிட்டாளே என்று எரிச்சல்தான் வந்தது.

பத்தரை மணிக்குத் தங்கவேலு வந்தார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள்தானே அப்படிப் போடச் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊர் மரியாதை சில நேரம் கத்தியைவிடக் கூர்மையானது. தன் தப்புதான், கேட்காமல் டிக் போட்டது தான்தான் என்று எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். அறுபது வயதில் முகவர் உரிமம் போனால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை. பார்க்கலாம், வெளியே உட்காருங்கள் என்றேன்.

பிறகு பதினொரு மணிக்கு நான் செய்த காரியம் இது. மறுப்புக் கடிதத்தை எழுதினேன். பழக்க தோஷம் என்று சொல்லலாம், பயம் என்று சொல்வதுதான் சரி. படிவத்தில் சண்டைக் கலைப் பயிற்சி இல்லை எனத் தாங்கள் தெரிவித்திருப்பதால் என்று தொடங்கும் கடிதம். அதில் ஒரு வரிகூட விதிக்குப் புறம்பாக இல்லை. அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

சென்னியப்பன் எழுந்தார். ஆனால் அவர் வழக்கமாக வந்து உட்காரும் நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜான்சியின் அம்மா, ஆரோக்கியமேரி. வால்பாறையில் தேயிலை பறிக்கிறவர், எஸ்டேட் லைன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருப்பவர். மகளுக்கு அடிபட்ட சேதி தெரிந்து முதல் பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இறங்கி, பொள்ளாச்சியில் மாறி, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அழுத அடையாளம் இல்லை. காரியம் முடிக்காமல் எழுந்து போகிறவர் இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது.

“இன்னைக்கு எனக்குப் படிக்க வேண்டாமுங்க. அவிங்களுக்கே படிச்சுக் காட்டுங்க” என்றார் சென்னியப்பன்.

படித்தேன். சண்டைக் கலைப் பயிற்சி இல்லை எனத் தங்கள் மகள் தெரிவித்திருப்பதால், என்று முடிப்பதற்குள் அந்த அம்மா கையை உயர்த்தினார்.

“எம்புள்ள அப்படிச் சொல்லியிருக்க மாட்டாளுங்க. சண்டை கத்துக்கறதுக்குத்தான் போறேன்னு எஸ்டேட்டு லைன் பூராச் சொல்லிட்டுத்தான் போனா. இந்த ஆபீசுல மட்டும் எதுக்குங்க இல்லைங்கறா?” சற்று நிறுத்தி என்னைப் பார்த்தார். “அவளை யாராச்சும் கேட்டீங்களா?”

சென்னியப்பன் எனக்கு உதவிக்கு வரவில்லை.

“கேக்கலைங்க” என்றேன். “கேக்க வேண்டாம்னு சொன்னது நானுங்க.”

அந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சென்னியப்பனிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். முகவர்கள் கூட்டம், வடை காபி, பாராட்டு, ஒன்றையும் விடவில்லை. தங்கவேலு பழியைத் தான் ஏற்கிறேன் என்று சொன்னதையும் சொன்னேன். சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முகவர் தப்புன்னு எழுதுனா அது அவரோட நின்னுரும். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் கெடைக்காது. ஆபீசே கேக்க வேண்டாம்னு சொல்லிக் குடுத்துச்சுன்னு எழுதுனாத்தான் கம்பெனி தப்பிக்க முடியாது. ஆனா அம்மணி, அதை எங்கையில குடுத்தீங்கன்னா நான் மேல அனுப்பித்தான் ஆகோணும். உங்க மேல நடவடிக்கை வரும். பதவி உயர்வு போயிரும். அப்பறம் திருப்பிக் குடுங்கன்னு கேக்காதீங்க.”

கேட்க மாட்டேன் என்றேன். அவர் மேஜையிலேயே நின்றபடி எழுதினேன். பயணப் பாலிசிப் படிவத்தின் மூன்றாம் பக்கக் கேள்விகளை வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ எனக் குறிக்கலாம் என்று இந்தக் கிளையின் முகவர்களுக்கு அறிவுறுத்தியது நான், ஜான்சியிடம் எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை. இவ்வளவுதான். அவர் படித்துவிட்டு, பென்சிலை எடுக்காமல் பேனாவால் கையெழுத்திட்டார்.

ஆனால் ஒரு அதிகாரி எழுதிக் கொடுத்த நாலு வரியை மட்டும் நம்பிச் சென்னை மேலிடத்தில் யாரும் உத்தரவாதம் கொடுக்க மாட்டார்கள். வேண்டியவருக்காக எழுதிக் கொடுத்தேன் என்று நினைக்கலாம். அத்தாட்சி வேண்டும். பழைய படிவங்கள் இருந்த அறையைத் திறந்தேன். தங்கவேலுவையும் கூப்பிட்டுக்கொண்டேன். புழுதியில் உட்கார்ந்து கட்டுக் கட்டாகப் பிரித்து மூன்றாம் பக்கத்தை மட்டும் எடுத்தோம். எல்லா முகவர்களுடையதும், எல்லா வருடத்ததும். எண்பது வயதில் மகளைப் பார்க்க அமெரிக்கா போன பெரியவருக்கு எந்த நோயும் இல்லை. இமயமலை ஏற நேபாளம் போன ஒரு கல்லூரிக் குழுவில் ஒருவர்கூட மலையேறப் போவதில்லை. டிக் போட்ட கை வேறு வேறாக இருந்தது, பதில் மட்டும் ஒன்றாக இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். என் கையாலேயே என் தப்பைப் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு யாருக்கும் நினைவில் இல்லை.

ஒன்றே முக்காலுக்கு எல்லாம் சென்னைக்குப் போனது. இரண்டரைக்கு அங்கிருந்து ஓர் அதிகாரி போனில் கூப்பிட்டுக் கன்னாபின்னாவென்று கத்தினார். இதை வெளியே விட்டால் எத்தனை பேர் கிளம்பி வருவார்கள் தெரியுமா, அறிவிருக்கிறதா என்றார். நான் முழுவதையும் கேட்டுக்கொண்டு, நான்கு மணிக்குள் உத்தரவாதக் கடிதம் போக வேண்டும் சார் என்றேன். மறுபடி கத்தினார். மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவர் போனை வைத்துவிட்டார். சென்னியப்பன் தன் அறையிலிருந்து அந்த அதிகாரிக்கு மேலே இருந்தவரைக் கூப்பிட்டார். அந்தப் பேச்சு முழுக்க ‘சொல்லுங்க, சரிங்க, இல்லீங்க, அது முடியாதுங்க’ என்று தாழ்ந்த குரலிலேயே நடந்தது. அந்தக் கடைசி வார்த்தையை ஐந்தாறு முறை சொன்னார்.

மூன்று ஐம்பதுக்குக் கடிதத்தின் நகல் என் கணினியில் வந்து விழுந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரியிடம் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடிக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. நாளை காலையில் எத்தனை மணிக்கு ஆபரேஷன் என்று கேட்டார். விசாரித்துச் சொன்னேன். பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நான்தான் நன்றியை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன் என்பது அவர் படியிறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடந்தது. ஜான்சியின் கண் தப்பியது. ஓரப் பார்வையில் மட்டும் லேசான மங்கல் நின்றுவிட்டது. என் மேல் விசாரணை வந்தது. தங்கவேலுவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். எனக்குப் பதவி உயர்வு போயிற்று. க்ளெய்ம் பிரிவிலிருந்து எடுத்து, முன்னால் கவுண்டரில், படிவம் வாங்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைக்கிற இடம் அது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். முதல் ஒரு மாதம் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. என்னை விசாரித்தவர்களில் இரண்டு பேர் எனக்கு ஜூனியர்கள், அதுதான் ரொம்ப வலித்தது.

ஆனால் கவுண்டரில் உட்கார்ந்த நாளிலிருந்து மூன்றாம் பக்கத்தை வாசிக்காமல் ஒரு படிவமும் நான் வாங்கவில்லை. சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டு பேர் எழுந்தே போனார்கள். போகட்டும் என்று விட்டேன். அதற்கு முன்னால் பாலிசி எடுத்து அப்போது வெளிநாட்டில் இருந்தவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுத் திருத்தினேன். ஊர் விட்டு ஊர் போயிருப்பவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன நோய், என்ன ஆபத்தான வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டு திருத்தினேன்.

மறு வருடம் கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் ஜான்சி கவுண்டருக்கு வந்தாள். கூடவே அவள் அம்மா. நேரில் அப்போதுதான் ஜான்சியைப் பார்க்கிறேன். குட்டையான, உறுதியான உடம்பு. இடது பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கழுத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினாள். மோதலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் தடுத்திருந்தார். சொல்லிக்கொடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, பாதியில் விட்ட பயிற்சியை முடிக்க அதே இடத்துக்குத் திரும்பப் போகிறாள்.

உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, “நீங்கதானுங்களா மேடம் கேக்க வேண்டாம்னு சொன்னது?”

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவள், தானும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாள். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளி, “இப்பக் கேளுங்க” என்றாள்.

கேட்டேன். சண்டைக் கலையா, ஆமாம். பயிற்சியா போட்டியா, பயிற்சி மட்டும். நேரடியாக மோதுவீர்களா, மாட்டேன். பயிற்சியாளர் யார், தலைக்கவசம் உண்டா, முன்பு பட்ட காயம் என்ன, அதற்கு டாக்டர் சான்று எங்கே. ஒவ்வொன்றுக்கும் பதிலை அவள் கண் முன்னாலேயே எழுதினேன். கடைசிக் கேள்விக்கு வந்தேன். பக்கத்தில் தாய் உட்கார்ந்திருக்கிறார். தலையை நிமிர்த்தாமல் படித்தேன். இறப்பு நேர்ந்தால் உடலை எங்கே கொண்டு சேர்க்க வேண்டும்.

ஜான்சி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆரோக்கியமேரி துணிப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வால்பாறைங்க” என்றார். “லைன் ஊட்டுக்குப் பெட்டி நொழையாது. நேரா சர்ச்சுக்குக் கொண்டாந்துருங்க. எம்பேரை எழுதிக்கோங்க, நான் வந்து வாங்கிக்கறேன். எம்புள்ள நல்லபடியா திரும்பி வருவா. இருந்தாலும் எழுதிக்கோங்க.”

எழுதினேன்.

“இன்னும் கேக்க வேண்டியது ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. பேனாவை ஜான்சியிடம் கொடுத்தேன்.